பொதுச் சுவர்: ஒரு காதல் நாவலைப் பிரித்துக் கட்டிய குறிப்புகள்

நாவலின் முதல் படி 212 பக்கம் வந்திருந்தது. கதை ரொம்ப எளிது. பேச்சுவார்த்தை அறுந்துபோன அக்காவும் தங்கையும் இருபத்தைந்து வருஷம் கழித்து, கடற்கரை வீடு ஒன்றில் ஒரு கோடைக்காலம் சேர்ந்து தங்குகிறார்கள். தங்கைக்கு அங்கே ஒரு காதல் வருகிறது. கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் அழுகிறார்கள். தொடர்கதை எழுதிப் பழகிய கை என்பதால் நாலு மாதத்தில் முடித்துவிட்டேன். முடித்த சூட்டோடு, பொறையாற்றில் இருக்கும் தோழிக்கு அனுப்பினேன். அவள் பிறந்து வளர்ந்தது தரங்கம்பாடி. கதை நடப்பதும் தரங்கம்பாடி.

பத்து நாளில் படி திரும்பி வந்தது. ஓரமெல்லாம் பென்சில். முதல் குறி ஒன்பதாம் பக்கத்தில்: “எங்க ஊர்ல சூரியன் கடல்ல மறையாதும்மா. கடல்லேருந்துதான் வரும்.”

இருவரும் கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கிற காட்சி நாவலில் மூன்று இடத்தில் இருந்தது. நான் கும்பகோணத்துக்காரி. சின்ன வயசிலிருந்து பூம்புகாருக்கும் வேளாங்கண்ணிக்கும் போய் வந்தவள். கடல் கிழக்கே இருக்கிறது என்று தெரியாதா? தெரியும். ஆனால் எழுதும்போது கை வேறு எதையோ பார்த்து எழுதியிருக்கிறது. எந்த அட்டைப்படத்துச் சூரியனோ அது. மூன்றையும் வெட்டினேன். பதிலுக்குப் பௌர்ணமி அன்று சாயங்காலம் கடலிலிருந்து நிலா எழும்புகிற காட்சி ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். மேற்குக் கரைக்காரர்களுக்கு அது வாய்க்காது.

அதன் பிறகு வீடு. நான் அதைக் ‘காட்டேஜ்’ என்று எழுதியிருந்தேன். காட்டேஜ் என்றால் நமக்குக் கொடைக்கானல், இல்லாவிட்டால் திருச்செந்தூரில் தேவஸ்தானத்து அறை. நான் எழுதிய காட்டேஜில் வெள்ளைப் பலகை வேலி, ஜன்னலோரம் மெத்தை போட்ட இருக்கை எல்லாம் இருந்தன. தோழி அந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாள். கேள்விக்குறி பெரிசாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மயிலாடுதுறை போய், அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் பஸ் பிடித்தேன். டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டிய நகரவாயிலைத் தாண்டி உள்ளே நடந்தால் கடைசியில் கோட்டை, அப்புறம் கடல். 1306-இல் எழுப்பிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. நான் பார்க்க வந்தது கோட்டையையும் அல்ல, கோயிலையும் அல்ல. தெருவில் இருக்கும் சாதாரண வீடுகளை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு. மேலே பனைவாரையும் நாட்டு ஓடும். சில வீடுகளை ஆள் வைத்துப் பழைய முறையிலேயே புதுப்பித்திருக்கிறார்கள். சிலவற்றில் முன்பக்கம் மட்டும் டைல்ஸ்.

ஒரு வீட்டின் பக்கவாட்டுச் சுவரில் நான் அரைமணி நேரம் நின்றேன். பழைய செங்கல் சுவர்மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். பூச்சு பெரிய அப்பளம்போல உப்பி நின்றது. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளல். ஓர் ஓரம் உதிர்ந்த இடத்தில் செங்கல் மாவாகக் கொட்டிக் கிடந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. காரணம் தோழி சொன்னாள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு ஈரம் ஏறும், இறங்கும், வெளியே போகும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் கொண்டுவந்த உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே தங்கிப் படிகமாகிப் பூச்சையும் தள்ளும், செங்கலையும் தின்னும்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் தலைப்பு கிடைத்தது. பொதுச் சுவர்.

முதல் படியில் சகோதரிகளின் சண்டைக்கு நான் வைத்திருந்த காரணம் ஒரு கடிதம். மூத்தவள் எழுதிய கடிதம் இளையவளுக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் இருபத்தைந்து வருஷம் பேசவில்லை. (பெயர்களை நாலு முறை மாற்றிவிட்டேன், இங்கே மூத்தவள் இளையவள் என்றே வைத்துக்கொள்கிறேன்.) தோழி ஓரத்தில் எழுதியது: “ஒரு போன் போட்டா தீந்துடுமே!” உண்மைதான். நம் பக்கத்தில் உடன்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்துவது கடிதத்தாலா? பாகத்தால். அதுவும் யாரும் தப்பு செய்யாமல் வந்த பாகம் என்றால் இன்னும் நீளும்.

சொத்துச் சண்டை என்றதும் குடிகார அண்ணன், ஏமாற்றும் சித்தப்பா என்று கை போகும். அது வேண்டாம் என்று மயிலாடுதுறையில் ஒரு வக்கீலிடம் போய் உட்கார்ந்தேன். “இரண்டே பெண்கள், அப்பா உயில் எழுதவில்லை, வில்லன் இல்லை, ஆனாலும் பங்கு சமமாக வரக்கூடாது. வழி இருக்கிறதா சார்?” அவர் சிரித்துவிட்டு, “1989” என்றார்.

தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் ஆண்களைப்போலப் பிறப்புரிமைப் பங்கு என்று சட்டத் திருத்தம் வந்தது. அது 1989 மார்ச் 25 முதல் செல்லும். நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது 2005-இல்தான், நாம் பதினாறு வருஷம் முந்தி. பெருமைப்பட வேண்டிய சட்டம். ஆனால் அதில் ஒரு வரி: அந்தத் தேதிக்கு முன் கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு இது பொருந்தாது. ஆக, அக்காவுக்கு அந்த வருஷம் தை மாதம் கல்யாணம், தங்கை பதினாலு வயசுப் பள்ளிக்கூடத்துப் பெண் என்று வைத்தால் போதும். அப்பாவும் தங்கையும் பாதி பாதி. 1996-இல் அப்பா இறந்ததும் அவருடைய பாதி மட்டும் இரண்டு பெண்களுக்கும் சமமாக. தங்கைக்கு முக்கால், அக்காவுக்குக் கால்.

“தாத்தா எப்போ செத்தார்?” என்று வக்கீல் கேட்டார். எனக்கு அந்தத் தாத்தாவைத் தெரியவே தெரியாது, கதையில் அவர் இல்லை. 1956 வாரிசுச் சட்டத்துக்கு முன்னாலேயே அவர் போயிருந்தால்தான் வீடு அப்பா கையில் பூர்வீகச் சொத்தாக நிற்கும் என்றார். சரி, 1951-இல் காலரா என்று ஒரு வரி சேர்த்தேன். அம்மாவும் அப்பாவுக்கு முன்பே போயாக வேண்டியிருந்தது, இருந்தால் கணக்கு மாறும். ஒரு காதல் நாவலுக்காக ஒரே சாயங்காலத்தில் இரண்டு பேரைக் கொன்றேன். பாகப்பத்திரம் 1998-இல் பதிவாகிவிட்டதாக வைத்தேன். அதனால் 2005 சட்டம் வந்து அக்காவுக்குக் கதவு திறந்தபோது, அவள் வீட்டுக் கதவு ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது.

கல்யாணத் தேதியில் ஓர் ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டேன். பிப்ரவரி 5 என்று முதலில் போட்டேன். ஏனென்றால் அங்கிருந்து மார்ச் 25 வரை எண்ணினால் சரியாக நாற்பத்தெட்டு நாள். ஒரு மண்டலம்! “ஒரு மண்டலம் பொறுத்திருந்தால் எனக்கும் பாதி” என்று மூத்தவள் சொல்வதாக வசனம்கூட எழுதிவிட்டேன். என் அம்மா படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பழைய டைரியைத் தேடி எடுத்து வந்தாள். “அடுத்த நாள் தை அமாவாசைடி. தேய்பிறையில, அமாவாசைக்கு முதல் நாள் எவன் தாலி கட்டுவான்?” தேதியை வளர்பிறைக்குத் தள்ளி, 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆக்கினேன். நாற்பத்துமூன்று நாள். மண்டலம் போயிற்று. அந்த வசனத்தை அடித்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் தரங்கம்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்கும் காட்சியும் கூடவே போனது. மயிலாடுதுறையிலிருந்து வந்த அந்தப் பாதையை 1986-லேயே மூடிவிட்டார்கள். வேன் பிடித்து வந்தார்கள் என்று மாற்றினேன். ஸ்டேஷன் அளவுக்கு வேன் அழகாக இல்லை.

இப்போது கதைக்கு உடம்பு வந்துவிட்டது. பத்திரத்தில் ‘ஏ’ தபசில், அதாவது முதல் சொத்துப் பட்டியல், முன்கட்டு, இளையவளுக்கு. ‘பி’ தபசில் இரண்டாம் கட்டும் கிணறும், சந்து வழியாக மாமூல் நடைபாதை பாத்தியத்துடன், மூத்தவளுக்கு. கூடத்துக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் இருப்பது பொதுச் சுவர். மூத்தவள் தன் பக்கத்தைத் திண்டுக்கல் பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டுத் திருச்சிக்குப் போனவள்தான். இளையவள் முன்கட்டில் புதுசாக அடுப்படி கட்டிக்கொண்டு, தண்ணீருக்குத் தெருக்குழாயில் நின்று, அதே வீட்டில் இருபத்தைந்து வருஷம் இருக்கிறாள். தன் வீட்டுக் கிணற்றில் தவளை கத்துவது மட்டும் அவளுக்குக் கேட்கும்.

2023 சித்திரையில் அந்தப் பொதுச் சுவர் உப்பிச் சரிகிறது. ஒரு பக்கம் மட்டும் பூச முடியாது. மூத்தவள் வந்தாக வேண்டும். முதல் படியில் அவளை வரவழைக்க நான் ஒரு மாரடைப்பை வைத்திருந்தேன். அது இனித் தேவைப்படவில்லை.

நாயகன் நுழையும் இடமும் இதனால் மாறியது. முன்பு மழையில் குடையோடு மோதிக்கொண்டார்கள், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இப்போது மூத்தவள் திருச்சியிலிருந்து சாவியோடு வருகிறாள், கடல் காற்றில் இறுகிப்போன பூட்டு திரும்ப மறுக்கிறது, பக்கத்துத் தெருவிலிருந்து ஆக்ஸா பிளேடோடு ஒருவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் விசைப்படகு வைத்திருப்பவர், ஐம்பது வயசு, மனைவியை இழந்தவர். சித்திரையில் அவர் ஏன் கரையில் இருக்கிறார்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முதல் படியில் இந்த மனிதரை நான் மே மாதம் கடலுக்கு அனுப்பியிருந்தேன். “புடிச்சு கேஸ் போட்ருவாங்க” என்று தோழி குறித்திருந்தாள். தடைக்காலம் என் நாவலுக்கு அடித்த யோகம். கையில் வருமானம் இல்லை, வலை பின்னி முடித்தாகிவிட்டது, படகுக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. காதலிக்க இதைவிட நல்ல அட்டவணை எந்த வேலையிலும் கிடையாது. அவருடைய அம்மா வழியில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார்கள் என்று ஒரு வரி சேர்த்ததும், சுவர் வேலைக்கும் அவரே ஆள் ஆனார். அவர் சாதி, இவள் சாதி, ஊர் என்ன சொல்லும் என்பதற்கு ஓர் அத்தியாயம் தனியாக எழுதினேன். அதைத் தவிர்த்துவிட்டு நாற்பத்தெட்டு வயசுக்காரியின் காதலை எழுதினால் அது பொம்மைக் கல்யாணம்.

சுவர் பூசுகிற அத்தியாயத்தைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன், செத்துக் கிடந்தது. அதனால் அம்மா வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி பழைய பூச்சைக் கொத்தி எடுத்தேன். கால் கிலோ கடுக்காயை இடித்து, அரை கிலோ கருப்பட்டியோடு தண்ணீரில் ஊறப்போட்டேன். நாலாம் நாள் நுரை கட்டியது. ஏழாம் நாள் மாடிப்படி ஏறும்போதே கள்ளுக்கடை வாசம். பக்கத்து வீட்டு மாமி கீழே நின்று, “ஏதாவது காய்ச்சறியா?” என்று கேட்டார்.

சுட்ட கிளிஞ்சல் ஐந்து கிலோ வாங்கி வந்திருந்தேன். கையில் எடுத்தால் இவ்வளவு லேசாக இருக்கிறதே என்றிருந்தது. பிளாஸ்டிக் வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. குனிந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ‘சுர்’ரென்று சீறியது. கிளிஞ்சல்கள் வெடித்துப் பூவாக விரிந்தன, வாளிக்குள் குழம்பு கொதிக்கிற மாதிரி குமிழ், முகத்தில் ஆவி. துணி காயப்போட வந்த அம்மா, கொடியிலிருந்து ஈரப் புடவையைக் கீழே போட்டுவிட்டு, “கண்ணப் பொத்துடி! தள்ளு!” என்று கத்தி என் தோளைப் பிடித்து இழுத்தாள். கன்னத்தில் இரண்டு பொட்டுத் தெறித்திருந்தது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் நடுங்கினேன். வாளியோ சூட்டில் இளகி ஒரு பக்கம் கோணிக்கொண்டது. செய்து பார்க்க நினைப்பவர்கள் இரும்புப் பாண்டு சட்டியில் செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எட்டி நின்று ஊற்றுங்கள்.

கன்னத்தில் வாழைப்பட்டையைப் போல ஈரத்துணியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நாவலில் நான் தேடிக்கொண்டிருந்தது அகப்பட்டது.

விஷயம் இதுதான். முதல் படியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு, இரண்டு பக்கத்துக்குப் பேசினார்கள். எங்கள் குடும்பத்தில் நான் அப்படி எதையும் பார்த்ததில்லை. பேச்சு நின்ற சகோதரிகள் கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டால் முறைத்துக்கொள்வதில்லை, மரியாதை கொடுத்துவிடுவார்கள். “வாங்க.” “எப்ப வந்தீங்க?” அதைவிடப் பெரிய கதவடைப்பு தமிழில் கிடையாது. அதனால் இரண்டாம் படியில், பூட்டை அறுத்த நாள் முதல் மூத்தவள் தங்கையை ‘நீங்க’ என்றே பேசுகிறாள். “கிணத்துத் தண்ணி வேணும்னா எடுத்துக்குங்க.” இளையவளோ அக்கா என்றும் சொல்வதில்லை, வேறு எதுவும் சொல்வதில்லை. கூப்பிட வேண்டியிருந்தால் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். நாற்பது பக்கத்துக்கு விளிச்சொல்லே இல்லாமல் ஒருத்தியைப் பேசவைப்பது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதுகு ஒடிகிற வேலை.

அப்புறம் சுண்ணாம்பு நீற்றும் நாள். இளையவள் குனிகிறாள். சீறுகிறது. மூத்தவள் வாயிலிருந்து வருகிறது: “கண்ணப் பொத்துடி!” அந்த ‘டி’ விழுந்ததை இருவரும் கவனிக்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. படகுக்காரர் மட்டும் நீற்றின சுண்ணாம்பைக் கிளறிக்கொண்டே, “இப்ப சரியா வந்திருக்கு” என்கிறார். அந்த அத்தியாயம் அவ்வளவுதான். இதற்கு முன் இருந்த பதினோரு பக்க அழுகை ஒன்றே கால் பக்கமாகச் சுருங்கியது.

என் மூன்றடிச் சுவருக்கு வருகிறேன். சலித்த மணல் மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கொத்துக் கரண்டியால் அப்புவது எளிதாக இருந்தது. மணியாசுக் கட்டையால் தேய்க்கும்போதுதான் மொத்தமும் கட்டையோடு கழன்று வந்தது. கீழே செங்கலை நான் நனைக்கவே இல்லை, அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. இரண்டாம் தடவை முதல் நாளே சுவரை ஊற ஊற நனைத்து, மெலிசாக இரண்டு வரியாகப் பூசினேன். நின்றது. சாக்கு கட்டித் தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தேன். சுண்ணாம்பு காற்றைத் தின்று மெதுவாகத்தான் இறுகும். பத்தாம் நாளும் நகம் பதிந்தது. நாவலிலோ இரண்டே நாளில் சுவர் காய்ந்து வெள்ளையடித்துக் கோலம் போட்டிருந்தார்கள்! அந்தக் காலக்கணக்கை இழுத்து 61 நாளுக்கும் பரப்பினேன். பூச்சு இறுகும் வேகத்தில்தான் இப்போது எல்லாமே நடக்கிறது, காதல் உட்பட. தடைக்காலம் முடிந்து படகு இறங்குகிற அன்று சுவரில் நகம் பதிவதில்லை.

ஒரு பெரிய ஓட்டை கடைசியில் இருந்தது. தோழி அதைப் பென்சிலால் எழுதவில்லை, போனில் கேட்டாள். “சுனாமி அன்னிக்கு இவ எங்க இருந்தா?” 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தரங்கம்பாடியில் கதை வைத்துக்கொண்டு அந்த நாளை நான் எழுதாமல் விட்டிருந்தேன். எழுத ஆரம்பித்தால் அதுவே பெரிய அலையாக எழுந்து இரண்டு பேரையும் சேர்த்துவைக்கும், கதை முடிந்துவிடும். அப்படி அந்தச் சாவுகளை ஒரு சண்டை தீர்க்கும் சாக்காக ஆக்க எனக்கு மனசில்லை. கடைசியில் அரைப் பக்கம் எழுதினேன். மறுநாள் மூத்தவள் பொறையாறு வரை பஸ்ஸில் வந்து, தங்கை நிவாரண முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போயிருக்கிறாள். அதை இளையவளுக்கு இப்போது சொல்வது டீக்கடைக்காரர். கொஞ்சம் சினிமாதான், ஒத்துக்கொள்கிறேன். வெட்டலாமா என்று மூன்று முறை எடுத்துப் பார்த்து மூன்று முறையும் வைத்துவிட்டேன்.

இப்போது படி 168 பக்கம். முடிவில் இளையவள் பாதி வீட்டை எழுதிக் கொடுக்கும் காட்சியை எடுத்துவிட்டேன். முக்கால் முக்காலாகவும் கால் காலாகவும் இருக்கின்றன. பொதுச் சுவரில் ஒரு நிலை வைத்துக் கதவு போட்டிருக்கிறார்கள், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதில் மட்டும் இருவருக்கும் இன்னும் தகராறு. தோழி இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு குறி போட்டு அனுப்பினாள். சுனாமிக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரை மூத்தவள் ஒரு மடக்குக் குடித்துப் பார்க்காமல் எப்படி இருப்பாள் என்று கேட்டிருக்கிறாள். பத்தொன்பதாம் அத்தியாயத்தை மறுபடி திறக்க வேண்டும்.

கோணிப்போன வாளியில் அம்மா கறிவேப்பிலை வைத்திருக்கிறாள். கடுக்காய் வாசம் இன்னும் போகவில்லை.